நல்லவன் ஜெயிப்பானா? - டோல்கீனும் மார்ட்டினும் சொல்லும் பதில்கள்

ஒரே நடிகர். இரண்டு மரணங்கள். பத்து வருட இடைவெளி.

2001-ல் வெளியான ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வரிசையின் முதல் படத்தில், போரோமிர் என்ற வீரனாக நடித்தவர் ஷான் பீன். தன் நாட்டைக் காப்பாற்ற வேண்டும் என்ற தவிப்பில், கூடவே பயணம் வந்த ஃப்ரோடோவிடமிருந்து அந்த மந்திர மோதிரத்தைப் பிடுங்கப் பார்ப்பான் போரோமிர். சில நிமிடங்களில் புத்தி தெளியும். செய்த தப்பு உறைக்கும். அதன்பிறகு இரண்டு சிறியவர்களைக் காப்பாற்றுவதற்காகத் தனியாளாக நின்று சண்டை போட்டு, மார்பெல்லாம் அம்பு தைத்துச் சாவான். சாகும் நேரத்தில் பக்கத்தில் அரகோர்ன் இருப்பான். நீ தோற்கவில்லை என்று ஆறுதல் சொல்வான்.

2011-ல் ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ சீரியல். முதல் சீசன், ஒன்பதாவது எபிசோடு. இதில் நெட் ஸ்டார்க்காக நடித்தவரும் அதே ஷான் பீன்தான். சொன்ன சொல் தவறாத மனிதர் நெட். மகள்களின் உயிருக்காக அந்த மானத்தையும் விட்டுக்கொடுத்து, செய்யாத துரோகத்தைச் செய்ததாக ஊர் முன்னால் ஒப்புக்கொள்கிறார். ஒப்புக்கொண்டால் உயிரோடு விடுவதாகத்தான் பேச்சு. ஆனால், சிறுவன் ராஜா ஜாஃப்ரி ஒரே உத்தரவில் தலையை எடுக்கச் சொல்லிவிடுகிறான். ஆறுதல் சொல்ல அங்கே யாருமில்லை. கூட்டத்தில் மகளின் அலறல் மட்டும்தான்.

இந்த இரண்டு காட்சிகளை வைத்தே பலர் தீர்ப்பு எழுதிவிட்டார்கள். ‘நல்லவனாக இரு, கடைசியில் நல்லது நடக்கும் என்று சொல்பவர் டோல்கீன். நல்லவனாக இருந்தால் தலை போகும் என்று சொல்பவர் மார்ட்டின். முதலாவது குழந்தைகளுக்கான கதை. இரண்டாவது உலகம் தெரிந்தவர்களுக்கான கதை’ என்பது அந்தத் தீர்ப்பு.

கேட்பதற்குச் சரி போலத்தான் இருக்கிறது. ஆனால், இரண்டு எழுத்தாளர்களின் வாழ்க்கையையும் புத்தகங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், அந்தத் தீர்ப்பு நிற்கவில்லை.

(கதைகளை இன்னும் படிக்காதவர்கள், பார்க்காதவர்கள் கவனத்துக்கு: முக்கியமான திருப்பங்கள் கீழே வருகின்றன.)

பதுங்குகுழியிலிருந்து வந்தவர்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ 1954, 1955-ம் ஆண்டுகளில் மூன்று பாகங்களாக வெளிவந்தது. அப்போதே கேலிகள் ஆரம்பித்துவிட்டன. அமெரிக்காவின் பெரிய விமர்சகரான எட்மண்ட் வில்சன் 1956-ல், இது சின்னப் பிள்ளைகள் சமாசாரம் என்று தூக்கி எறிந்து எழுதினார். 1978-ல் பிரிட்டிஷ் ஃபேன்டஸி எழுத்தாளர் மைக்கேல் மூர்காக், கரடிப் பொம்மை ‘வின்னி தி பூஹ்’ கதையோடு ஒப்பிட்டு, இது தட்டிக்கொடுத்துத் தூங்க வைக்கும் எழுத்து என்று விளாசினார். கஷ்டம் தெரியாத ஒரு ஆக்ஸ்ஃபோர்டு பேராசிரியர் சுகமாக உட்கார்ந்து எழுதிய கற்பனை என்ற எண்ணம் அப்படித்தான் பரவியது.

அந்தப் பேராசிரியரின் கதை வேறு.

ஜே.ஆர்.ஆர்.டோல்கீன் பிறந்தது 1892-ல், தென்னாப்பிரிக்காவின் ப்ளூம்ஃபோன்டைனில். நான்கு வயதில் அப்பா போய்விட்டார். பன்னிரண்டு வயதில் அம்மாவும் போனார். சர்க்கரை நோய். இன்சுலின் கண்டுபிடிக்கப்படாத காலம் அது. டோல்கீனையும் அவர் தம்பியையும் ஒரு பாதிரியார்தான் பொறுப்பேற்று வளர்த்தார்.

பர்மிங்ஹாம் பள்ளியில் அவருக்கு மூன்று நெருங்கிய நண்பர்கள் கிடைத்தார்கள். ராப் கில்சன், ஜெஃப்ரி ஸ்மித், கிறிஸ்டோபர் வைஸ்மேன். நான்கு பேரும் சேர்ந்து டீ குடித்து, கவிதை படித்து, உலகத்துக்கு ஏதாவது பெரிதாகச் செய்யப்போகிறோம் என்று கனவு கண்டவர்கள். பிறகு முதல் உலகப்போர் வந்தது.

1916, ஜூலை 1. பிரான்ஸில் சோம் போர் தொடங்கிய நாள். அந்த ஒரு நாளில் மட்டும் பிரிட்டிஷ் ராணுவத்தில் இறந்தவர்கள் 19,000-க்கும் மேல். காயம்பட்டவர்களையும் காணாமல்போனவர்களையும் சேர்த்தால் 57,000-ஐத் தாண்டும். ராப் கில்சன் அன்றே இறந்தார். அதே போரில் சிக்னல் பிரிவு அதிகாரியாக இருந்த டோல்கீனுக்கு அப்போது வயது 24. கல்யாணமாகி நான்கு மாதம்கூட ஆகவில்லை. சேறும் பேனும் எலியுமான பதுங்குகுழிகளில் சில மாதங்கள். பேன் கடியால் பரவும் ‘டிரென்ச் ஃபீவர்’ தாக்கி, நவம்பரில் இங்கிலாந்துக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். அவர் சிகிச்சையில் இருந்தபோதே அடுத்த செய்தி வந்தது. குண்டுச் சிதறலில் காயம்பட்ட ஜெஃப்ரி ஸ்மித், டிசம்பர் 3-ம் தேதி இறந்துவிட்டார்.

ஸ்மித் அதற்கு முன்பே டோல்கீனுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். இரவு ரோந்துக்குக் கிளம்பும் முன் எழுதியது. நான் போய்விட்டாலும், நான் சொல்ல நினைத்ததையெல்லாம் நீ இருந்து சொல்ல வேண்டும் என்பதுதான் அதன் சாரம்.

மருத்துவமனையிலும் நோய் விடுப்பிலும் இருந்த அந்த நாள்களில்தான் டோல்கீன் தன் கற்பனை உலகத்தின் முதல் பெரிய கதையை எழுத உட்கார்ந்தார். ‘கொண்டோலினின் வீழ்ச்சி’. பெயரே சொல்கிறது. அழகான ஒரு நகரம், உள்ளே இருந்தவனின் துரோகத்தால் எரிந்து அழிகிற கதை. தப்பித்தவர்கள் ஒரு குழந்தையைத் தூக்கிக்கொண்டு மலைப்பாதையில் ஓடுகிறார்கள். டோல்கீனின் முதல் கதையே தோல்வியின் கதைதான்.

ஹீரோ தோற்றுப்போன கதை

சரி, ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ முடிவில் நல்லவர்கள்தானே ஜெயிக்கிறார்கள்?

ஜெயிக்கிறார்கள். எப்படி என்று பார்ப்பதில்தான் விஷயம் இருக்கிறது.

உலகத்தையே அடிமைப்படுத்தக்கூடிய மோதிரத்தை, அது உருவான எரிமலையிலேயே போட்டு அழிக்க வேண்டும். அந்த வேலையைத் தலையில் சுமப்பவன் ஃப்ரோடோ. மூன்றரை அடி உயரமுள்ள ஒரு ஹாபிட். மாதக்கணக்கில் நடந்து, பட்டினி கிடந்து, தவழ்ந்து எரிமலையின் வாயருகே வந்துசேர்கிறான். அங்கே, அந்தக் கடைசி நொடியில், மோதிரத்தைப் போட மாட்டேன் என்கிறான். இது எனக்கே சொந்தம் என்று விரலில் மாட்டிக்கொள்கிறான். ஆயிரம் பக்கங்களாக வாசகர் பின்தொடர்ந்து வந்த ஹீரோ, தோற்றுப்போகிறான்.

1963-ல் ஒரு வாசகருக்கு எழுதிய கடிதத்தில் டோல்கீனே இதை ஒப்புக்கொண்டார். ஆம், ஃப்ரோடோ தோற்றான். ஆனால், தன்னால் முடிந்த எல்லையையும் தாண்டிப் போய்த் தோற்றவனைக் குற்றம் சொல்ல முடியாது என்பது அவர் நிலை.

பிறகு உலகம் எப்படித் தப்பித்தது? கோல்லம் என்ற பரிதாபமான பிராணியால். மோதிரத்தின் மீது வெறிபிடித்துப் பின்தொடர்ந்து வந்த கோல்லம், ஃப்ரோடோவின் விரலைக் கடித்து மோதிரத்தைப் பறிக்கிறது. ஆனந்தத்தில் குதிக்கும்போது கால் தவறி, மோதிரத்தோடு எரிமலைக்குள் விழுகிறது.

அதிர்ஷ்டம் என்று தோன்றலாம். ஆனால், கோல்லம் அங்கே உயிரோடு வந்து சேர்ந்ததே, வழியெல்லாம் யாரோ ஒருவர் அதைக் கொல்லாமல் விட்டதால்தான். பல ஆண்டுகளுக்கு முன் ஓர் இருட்டுக் குகையில், கையில் வாளோடு நின்ற பில்போ கொல்லாமல் விட்டான். பிறகு ஃப்ரோடோ விட்டான். கடைசியாக, அதை அடியோடு வெறுத்த சாம்கூட, எரிமலைச் சரிவில் ஓங்கிய கையை இறக்கிக்கொண்டான். இரக்கப்பட்ட நேரத்தில் யாருக்கும் அதனால் லாபம் தெரியவில்லை. பார்த்தால் முட்டாள்தனமாகத்தான் இருந்தது.

இதில் ஒரு சுவாரஸ்யமான தகவல் உண்டு. 1937-ல் ‘தி ஹாபிட்’ முதன்முதலாக வெளிவந்தபோது, பில்போ இரக்கப்பட்டு கோல்லத்தை விடும் காட்சியே அதில் கிடையாது. அந்தப் பதிப்பில் கோல்லம் அவ்வளவு கொடூரமும் இல்லை. பில்போவுக்கு வெளியே போக வழிகாட்டவே செய்தது. பெரிய கதையை எழுதிக்கொண்டிருக்கும்போதுதான், எல்லாமே அந்த ஒரு கணத்து இரக்கத்தின் மேல் நிற்க வேண்டும் என்று டோல்கீனுக்குத் தெரிந்தது. பழைய புத்தகத்தைத் திருத்தினார். 1951-ல் வந்த இரண்டாம் பதிப்பில்தான் பில்போ கொல்லாமல் விடுகிறான்.

ஃப்ரோடோவுக்கும் ‘சுபம்’ கார்டு இல்லை. பட்ட காயம் ஒவ்வொரு வருடமும் அதே தேதியில் வலிக்கிறது. எந்த ஊரைக் காப்பாற்றப் போனானோ, அந்த ஊரிலேயே அவனால் நிம்மதியாக வாழ முடியவில்லை. கடைசியில் கப்பலேறிப் போய்விடுகிறான். போருக்குப் போய்த் திரும்பியவர்களைப் பக்கத்திலிருந்து பார்த்த ஒருவரின் எழுத்து இது. குழந்தையைத் தட்டித் தூங்கவைக்கிறவர் இப்படி முடிக்க மாட்டார்.

டெனதோர் பார்த்ததெல்லாம் உண்மை!

அவநம்பிக்கையைப் பற்றி டோல்கீனுக்குத் தெரியாதா? நன்றாகவே தெரியும். அதற்கென்றே ஒரு பாத்திரத்தை எழுதியிருக்கிறார்.

கோண்டோர் நாட்டை ஆளும் டெனதோர், புத்திசாலி. போரோமிரின் அப்பா. தூரத்தில் நடப்பதைக் காட்டும் மாயக் கல் ஒன்று அவரிடம் இருக்கிறது. இரவெல்லாம் அதைப் பார்த்துக்கொண்டே இருப்பார். எதிரியின் படை எத்தனை பெரியது, ஆயுதம் எவ்வளவு குவிகிறது எல்லாம் அதில் தெரியும். அந்தக் கல் பொய் சொல்லாது. ஆனால், எதிரியிடமும் அதுபோல ஒரு கல் உண்டு; எதைக் காட்டலாம், எதைக் காட்ட வேண்டாம் என்று அவன் வளைத்துவிடுகிறான்.

ஒருநாள் கறுப்புப் பாய்மரக் கப்பல்கள் ஆற்றில் வருவதைப் பார்க்கிறார். எதிரியின் கப்பல்கள்! எல்லாம் முடிந்துவிட்டது என்று தனக்குத் தானே சிதை மூட்டிக்கொள்கிறார். குற்றுயிராகக் கிடக்கும் இளைய மகனையும் சேர்த்து எரிக்கப் பார்க்கிறார். மகனை மற்றவர்கள் காப்பாற்றிவிடுகிறார்கள், அவர் எரிந்துபோகிறார்.

கப்பல்கள் வந்தது உண்மை. அவை எதிரியின் கப்பல்கள் என்பதும் உண்மை. ஆனால், அவற்றைக் கைப்பற்றி, நகரத்தைக் காப்பாற்ற அவற்றிலேயே ஆட்களோடு வந்துகொண்டிருந்தவன் அரகோர்ன். அது மட்டும் அவருக்குத் தெரியவில்லை.

‘நான் யதார்த்தவாதி, உண்மையைப் பார்க்கிறேன்’ என்று சொல்லும் கசப்பில் இருக்கும் ஓட்டையை இதைவிடத் தெளிவாகக் காட்ட முடியாது. பார்த்த ஒவ்வொன்றும் உண்மை. எடுத்த முடிவு தப்பு. நள்ளிரவில் செல்போன் திரையில் கெட்ட செய்திகளாகத் தள்ளிக்கொண்டே போய், ‘உலகம் உருப்படாது’ என்று போனை வைப்பவர்களுக்கு டெனதோரை அடையாளம் தெரியும்.

டோல்கீன் இதைத் தத்துவமாகவும் யோசித்திருக்கிறார். அவர் இறந்து இருபது ஆண்டுகள் கழித்து, 1993-ல் வெளிவந்த ஒரு தொகுப்பில், எல்ஃப் ராஜா ஒருவனும் மனிதப் பெண் ஒருத்தியும் மரணத்தைப் பற்றி விவாதிக்கும் உரையாடல் இருக்கிறது. அதில் எல்ஃப் மொழியில் இரண்டு சொற்களை அவர் பிரித்துக் காட்டுகிறார். ஒன்று, அம்திர். நிலைமையைக் கணக்குப் போட்டு, நல்லது நடக்க வாய்ப்பிருக்கிறது என்று நினைப்பது. இன்னொன்று, எஸ்டெல். கணக்கெல்லாம் எதிராக இருந்தாலும் உள்ளே அசையாமல் நிற்பது.

தமிழில் இதற்குச் சொல் தேட வேண்டியதில்லை. முதலாவது எதிர்பார்ப்பு. இரண்டாவது நம்பிக்கை. டெனதோரிடம் எதிர்பார்ப்பு மட்டும்தான் இருந்தது. கணக்குப் பொய்த்ததும் எல்லாம் போய்விட்டது. அரகோர்ன் சிறுவனாக இருந்தபோது அவனுக்கு வைத்திருந்த பெயரோ, எஸ்டெல்.

‘ராஜாவின் வரிக் கொள்கை என்ன?’

இப்போது மறுபக்கம்.

ஜார்ஜ் ஆர்.ஆர்.மார்ட்டின் 1948-ல் அமெரிக்காவின் நியூஜெர்ஸியில், துறைமுகத் தொழிலாளி ஒருவரின் மகனாகப் பிறந்தவர். சிறுவயதிலேயே டோல்கீனைப் படித்து மயங்கியவர். வியட்நாம் போருக்கு ஆள் எடுத்தபோது, மனசாட்சிப்படி போரை ஏற்க முடியாது என்று விண்ணப்பித்து, அதற்குப் பதிலாக 1972 முதல் 1974 வரை ‘விஸ்டா’ என்ற சமூக சேவைத் திட்டத்தில் வேலை செய்தார். எதையும் நம்பாதவர் மனசாட்சியைச் சொல்லி விண்ணப்பம் போட மாட்டார்.

2014-ல் ஒரு பேட்டியில் அவர் கேட்ட கேள்வி பிரபலம். அரகோர்ன் ராஜாவாகி நல்லாட்சி செய்தான் என்று டோல்கீன் எழுதிவிட்டார். சரி, அவனுடைய வரிக் கொள்கை என்ன? போர் முடிந்த பிறகு மிச்சமிருந்த ஓர்க்குகளை என்ன செய்தான்? குழந்தைகளையும் கொன்றானா?

நியாயமான கேள்விதான். ஓர்க்குகள் முழுக்க முழுக்கக் கெட்ட இனம் என்பது டோல்கீனின் கதையிலேயே உறுத்தலான இடம். டோல்கீனையே அது கடைசிவரை உறுத்தியது. வயதான காலத்தில் அதைப் பற்றித் திரும்பத் திரும்ப எழுதிப் பார்த்தும் திருப்தியான பதில் அவருக்குக் கிடைக்கவில்லை. நல்ல மனசு இருந்தால் மட்டும் நாடு நடக்காது என்று மார்ட்டின் நினைவூட்டியது, ஃபேன்டஸி கதைகளுக்கு அவர் செய்த பெரிய உதவி.

1996-ல் முதல் புத்தகம் ‘எ கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ வந்தது. 2000-ல் வந்த மூன்றாவது புத்தகத்தில் ‘சிவப்புக் கல்யாணம்’. விருந்துக்கு அழைத்து, உப்பும் ரொட்டியும் கொடுத்து, நெட் ஸ்டார்க்கின் மகனையும் மனைவியையும் கொன்றுவிடும் காட்சி. இது வெறும் அதிர்ச்சிக்காக எழுதியது இல்லை. ஸ்காட்லாந்து வரலாற்றிலிருந்து எடுத்தேன் என்று மார்ட்டினே சொல்லியிருக்கிறார். 1440-ல் எடின்பரோ கோட்டைக்கு விருந்துக்கு வந்த டக்ளஸ் வம்சத்துச் சகோதரர்கள் கொல்லப்பட்டார்கள். 1692-ல் க்ளென்கோவில், விருந்தாளிகளாகத் தங்கியிருந்த சிப்பாய்கள், சோறு போட்ட குடும்பங்களைச் சேர்ந்த 30-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றார்கள்.

அந்தக் கல்யாணப் படுகொலைக்குப் பின்னாலிருந்து காய் நகர்த்துபவர் டைவின் லானிஸ்டர். போர்க்களத்தில் பல்லாயிரம் பேரைக் கொல்வதைவிட, விருந்தில் சிலரைக் கொல்வது என்ன கெட்டுவிட்டது என்பது அவர் வாதம். கசப்பின் குரல் இது. பதில் சொல்ல முடியாத வாதம் போலவும் தெரியும்.

மார்ட்டின் இதற்கு வாயால் பதில் சொல்வதில்லை. கதையை நகர்த்திக் காட்டுகிறார்.

எல்லாரையும் பயத்தால் கட்டியாண்ட டைவின், கழிப்பறையில் உட்கார்ந்திருக்கும்போது சொந்த மகனின் அம்பால் சாகிறார். அவர் கட்டிய குடும்பம், அவர் போன கொஞ்ச நாளில் ஒருவரையொருவர் கடித்துக் குதறிக்கொள்கிறது. ‘முட்டாள்தனமாக’ நேர்மையாக இருந்து செத்த நெட் ஸ்டார்க்கோ, செத்த பிறகும் வடக்கில் வாழ்கிறார். 2011-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தில், மலைவாழ் வயதானவர்கள் இடுப்பளவு பனியில் படையோடு நடக்கிறார்கள். எதற்கு? நெட்டின் மகள் எதிரியிடம் சிக்கியிருக்கிறாளாம். குளிர்காலத்தில் கிழவர்கள் செத்தால் வீட்டில் சாப்பாடாவது மிச்சம். அந்தப் பெண்ணுக்காகச் சாவோமே என்பது அவர்கள் எண்ணம். அவள் உண்மையில் நெட்டின் மகளே இல்லை, ஆள்மாறாட்டம் செய்து கல்யாணம் பண்ணிவைக்கப்பட்ட வேறொரு அப்பாவிப் பெண். அது மார்ட்டினின் குரூரமான நகைச்சுவை. ஆனாலும் காப்பாற்றப்பட வேண்டியவள் அவளும்தானே?

டைவினுக்காக அப்படி நடக்க ஒருவர்கூட இல்லை.

இன்னும் ஒருத்தி இருக்கிறாள். பிரியென். பெண் என்பதாலும் அழகில்லை என்பதாலும் எல்லாரும் கேலி செய்யும் வாள்வீராங்கனை. நான்காவது புத்தகத்தில், அநாதைக் குழந்தைகள் தங்கியிருக்கும் ஒரு சத்திரத்துக்குக் கொலைகாரக் கும்பல் வருகிறது. ஏழு பேர். எதிர்த்தால் ஜெயிக்க வழியே இல்லை என்று அவளுக்குத் தெரியும். எதிர்க்காமல் இருக்கவும் வழியில்லை என்பதும் தெரியும். மழையில் வாளை உருவிக்கொண்டு வெளியே வருகிறாள். எதிர்பார்ப்பு துளியும் இல்லை. டோல்கீனின் எல்ஃப் மொழியில் இதற்குப் பெயர், எஸ்டெல்.

இருட்டு ஒரு ஃபேஷன் ஆனபோது

அப்படியென்றால் ‘எல்லாரும் அயோக்கியர்கள்தான்’ என்ற கசப்பு எங்கிருந்து வந்தது?

மார்ட்டினின் வெற்றிக்குப் பிறகு, இருட்டான கதைகளுக்குச் சந்தை பெரிதானது. இந்த வகைக்கு ‘கிரிம்டார்க்’ என்று ஒரு பெயரே உண்டு. 1987-ல் வந்த ‘வார்ஹேமர் 40,000’ என்ற பிரிட்டிஷ் விளையாட்டின் விளம்பர வாசகத்திலிருந்து பிறந்த சொல் அது. இந்த வகையிலும் நல்ல எழுத்தாளர்கள் இருக்கிறார்கள். 2006-ல் முதல் நாவலை எழுதிய ஜோ அபர்கிராம்பி அவர்களில் ஒருவர். கேண்டால்ஃப் போலவே தாடியும் அறிவுரையுமாக வரும் மந்திரவாதி, கடைசியில் நாட்டையே கடனில் ஆட்டிவைக்கும் வங்கியின் பின்னணி முதலாளி என்று அவர் திறந்து காட்டும்போது வாசகர் சிரிக்கவும் செய்வார், முதுகு சில்லிடவும் செய்யும். பெரிய மனிதர்களைக் கண்ணை மூடிக்கொண்டு நம்பாதே என்று சொல்லும் கதைகள் தேவைதான்.

சிக்கல் நகலெடுத்தவர்களிடம் வந்தது. மார்ட்டினிடமிருந்து அவர்கள் எடுத்துக்கொண்டது ரத்தத்தை மட்டும். யார் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் சாகலாம், எல்லாருக்கும் விலை உண்டு, நல்லவன் என்பவன் இன்னும் மாட்டிக்கொள்ளாதவன். இப்படியே நூறு பக்கம் போனதும் வாசகருக்கு ஒன்று நடக்கிறது. அதிர்ச்சி நின்றுவிடுகிறது. எல்லாருமே கெட்டவர்கள் என்றால், யார் செத்தால் என்ன?

நெட் ஸ்டார்க்கின் தலை விழுந்தபோது அத்தனை பேருக்கு வலித்தது, அவர் நல்லவர் என்பதால்தான். நன்மை என்று ஒன்று இருக்கிறது என்று நம்பாத கதையால் அந்த வலியைத் தர முடியாது. கசப்பான கதைகளுக்கும் உள்ளே ஒரு நல்லவன் தேவைப்படுகிறான், வெட்டுவதற்காகவாவது!

இந்தச் சலிப்புக்கு எதிர்வினையும் வந்தது. 2017-ல் அமெரிக்க எழுத்தாளர் அலெக்ஸாண்ட்ரா ரோலண்ட், கிரிம்டார்க்குக்கு எதிர்ச்சொல்லாக ‘ஹோப்பங்க்’ என்ற சொல்லை உருவாக்கினார். கருணையாக இருப்பதும் ஒருவகைப் போராட்டம்தான் என்பது அதன் கருத்து. சொல் புதிது. விஷயம், கோல்லத்தைக் கொல்லாமல் விட்ட பில்போவின் குகையிலேயே இருந்தது.

பிள்ளைகளுக்கு எதைக் கொடுப்பது?

2022-ல் அமேசான் பிரைமில் வந்த ‘தி ரிங்ஸ் ஆஃப் பவர்’ சீரியலுக்குத் தமிழ் டப்பிங்கும் உண்டு. இந்த உலகம் இப்போது வீட்டு டிவிக்கே வந்துவிட்டது. பெற்றோருக்கு வரும் அடுத்த கேள்வி, எதை எந்த வயதில் என்பது.

பத்து வயதுக்கு ‘தி ஹாபிட்’ பொருத்தம். விடுகதை, டிராகன், புதையல் என்று ஓடும். 13 வயதுக்கு மேல் ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’. பொறுமையாகப் படிக்க வேண்டிய புத்தகம். ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ புத்தகமானாலும் சீரியலானாலும் பெரியவர்களுக்கு மட்டும். வன்முறையும் பாலியல் காட்சிகளும் அதிகம்.

மார்ட்டினையும் படிக்க வேண்டும் என்று கேட்கும் காலேஜ் வயதுப் பிள்ளைகள், 1998-ல் அவர் எழுதிய ‘தி ஹெட்ஜ் நைட்’ குறுநாவலிலிருந்து தொடங்கலாம். டங்க் என்ற ஏழை வீரன், பொம்மலாட்டக்காரப் பெண்ணின் விரலை ஒடித்த இளவரசனை அடித்துவிடுகிறான். அதற்குத் தண்டனை உறுதி. ஏழுக்கு ஏழு பேர் மோதி நியாயம் தீர்க்கலாம் என்று முடிவாகிறபோது, பட்டத்து இளவரசரே டங்க்கின் பக்கம் நிற்க வருகிறார். வந்தவர் இறந்தும்போகிறார். என் ஒரு கால் பிழைப்பதற்கு ஒரு நல்ல ராஜாவின் உயிரா விலை என்று டங்க் குமைகிறான். கதை அதற்குச் சுலபமான பதில் தருவதில்லை. ஆனால், அந்தப் பெண்ணுக்காக அவன் கை ஓங்கியது தப்பு என்று மட்டும் அது எந்த இடத்திலும் சொல்வதில்லை.

கைவிடப்பட்ட கதையும் காத்திருக்கும் கதையும்

‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ வெளிவந்த பிறகு, அதற்கு அடுத்த பாகம் ஒன்றை டோல்கீன் எழுத ஆரம்பித்தார். பெயர் ‘புதிய நிழல்’. அரகோர்னுக்குப் பிறகு அவன் மகன் ஆளும் காலம். எதிரி இல்லை, போர் இல்லை, நாடு செழிப்பாக இருக்கிறது. சிறுவர்களோ ஓர்க் வேஷம் போட்டு விளையாடி நாசம் செய்கிறார்கள். பெரியவர்களுக்கு நன்மை சலித்துப்போகிறது. எங்கோ ஒரு ரகசியக் கூட்டம் முளைக்கிறது. பத்துப் பதினைந்து பக்கங்கள் எழுதியதுமே அவர் நிறுத்திவிட்டார். மனசைச் சோர்வாக்குகிறது, எழுதுவதில் பிரயோஜனம் இல்லை என்று கடிதங்களில் காரணம் சொன்னார். 1973-ல் அவர் இறக்கும்வரை அந்தக் கதை அங்கேயே நின்றது.

ஒருமுறை ஜெயித்தால் எல்லாக் காலத்துக்கும் ஜெயித்த மாதிரி என்று நம்பியவர் அப்படி ஒரு கதையைத் தொடங்கியிருக்க மாட்டார். மனிதர்களுக்கு நல்லதும் சலிக்கும் என்று அவருக்குத் தெரிந்தே இருந்தது. தெரிந்தும், அதையே கடைசி வார்த்தையாக விட்டுப்போக அவர் விரும்பவில்லை.

மார்ட்டினின் கதையும் பாதியில்தான் நிற்கிறது. ஐந்தாவது புத்தகம் வந்தது 2011-ல். ஆறாவதுக்காக உலகமே காத்திருக்கிறது. முடிவு எப்படி இருக்கும் என்று 2015-ல் கேட்டபோது, இனிப்பும் கசப்பும் கலந்திருக்கும் என்றார் அவர். அதற்கு உதாரணமாக அவர் எடுத்துக்காட்டியது யாரை? டோல்கீனை! ‘தி லார்ட் ஆஃப் தி ரிங்ஸ்’ கடைசியில் வரும் ஓர் அத்தியாயம், பதின்மூன்று வயதில் தனக்குப் புரியவில்லை என்றும், வளர வளர அதன் அருமை கூடிக்கொண்டே போகிறது என்றும் சொன்னார்.

பீட்டர் ஜாக்சனின் படங்களில் இல்லாத அத்தியாயம் அது. உலகத்தைக் காப்பாற்றிவிட்டு ஹாபிட்கள் ஊர் திரும்புகிறார்கள். ஊர் நாசமாகியிருக்கிறது. மரங்களை வெட்டிவிட்டார்கள், ஆற்றில் அழுக்கு, அடியாள்கள் ராஜ்ஜியம். காரணமான சாருமான், தப்பிப் போகும்போது ஃப்ரோடோவைக் கத்தியால் குத்தப் பார்க்கிறான். குத்து பலிக்கவில்லை. அவனைக் கொல்ல எல்லாரும் பாய்கிறார்கள். கொல்லாதீர்கள் என்று தடுக்கிறான் ஃப்ரோடோ. பழிவாங்கிய ருசியைக்கூட நீ பறித்துவிட்டாயே என்று சாருமானுக்கு ஆத்திரம்தான் வருகிறது.

பிறகு சாம் வேலையை ஆரம்பிக்கிறான். அவன் தோட்டக்காரன். எல்ஃப் ராணி கொடுத்தனுப்பிய ஒரு சின்னப் பெட்டியில் கொஞ்சம் மண் இருக்கிறது. மரம் வெட்டப்பட்ட இடத்திலெல்லாம் கன்று நட்டு, ஒவ்வொன்றின் வேரிலும் ஒரு சிட்டிகை மண் போடுகிறான். தன் காலத்தில் இவை மரமாகிப் பார்க்க முடியாது என்று நினைத்துக்கொண்டேதான் நடுகிறான்.

அடுத்த வசந்தத்தில் கன்றுகள் மளமளவென்று எழும்பி நிற்கின்றன.